கூலி: செலவும் ஆளும்

சிங்கப்பூர் ஆறு ஆழமற்றது. ஆதலின் பெருங்கப்பல்கள் வெளித்துறையில் நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கரை சேர்த்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றைச் செலுத்தியோருள் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்; சூலியா தெரு அவர்தம் பெயரை இன்றும் தாங்குகிறது. பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. மூட்டை கப்பலிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கரைக்கும், அங்கிருந்து தோளிலோ மாட்டுவண்டியிலோ கிடங்குக்கும் சென்றது. அக்காலக் கால்நடை வணிகத்தின் நினைவை லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலை காக்கிறது. கை மாறுந்தோறும் கூலி ஏறியது.

இச்சொல்லை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கப்பல், பெட்டி, கடை என்னும் நம் சொற்கள் சிறிது திரிந்து மலாய் மொழியிலும் வழங்குகின்றன. கூலியையும் அறிஞர் பலர் அவ்வரிசையில் வைப்பர். குஜராத்தின் கோலி இனப்பெயரைச் சுட்டுவோரும் உளர். நாமோ முன்னதையே ஏற்கிறோம். தமிழிற் கூலி ஊதியம். மலாயில் அதனைப் பெறும் ஆள். கணக்கேட்டின் செலவு மனிதனுக்குப் பெயராயிற்று.

1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கியது. பூட்டிய பெட்டி கப்பலிலிருந்து பாரந்தூக்கியால் நேரே இறங்கியது. செலவு குறைந்தது, இடைக்கைகளும் குறைந்தன. 1983இல் ஆற்றுத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. சரக்குச் செலவின் வரலாற்றைக் கற்பிக்குங்கால், குறைந்த தொகையோடு குறைந்த ஆட்களையும் எண்ணுதல் நம் கடன்.