செஞ்சிலுவையும் பதினேழாம் பிரிவும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் டாக்டர்களின் கார்க் கண்ணாடியிலும் கிளினிக் பலகையிலும் மெடிக்கல் ஷாப் வாசலிலும் செஞ்சிலுவை ஒரு தொழில் அடையாளமாகவே நெடுங்காலம் புழங்கிவந்திருக்கிறது. மத்திய அரசின் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். மருந்துக்கடைச் சிலுவையால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். ஆனால் செஞ்சிலுவை 'இங்கே சுடாதே' என்று சொல்வதற்காகவே உண்டான குறி. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதே போரில் சென்னை மாகாண மக்கள் தந்த நிதியில் 'மெட்ராஸ்' என்ற மருத்துவக் கப்பல் கடலோடியது. வெள்ளைப் பூச்சும் சிலுவையும்தான் அத்தகைய கப்பலுக்குக் கவசம். தெருவில் மலிந்துபோன குறிக்குப் போர்க்களத்தில் மட்டும் மதிப்பு தானாக வந்துவிடாது.

ஆனால் எனக்குப் பெரிய கவலை அபராதத்தைப் பற்றியதல்ல. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒப்பந்தங்கள் பாதுகாக்கும் ஒருவரை வேண்டுமென்றே கொல்பவருக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. குற்றம் இந்தியாவுக்கு வெளியே நடந்தாலும் செல்லும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்த இந்திய அமைதிப் படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்தது. மறுநாளுக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்தி, தாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது சுடப்பட்டதாக உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். இந்தியச் சட்டப்படி ஒருவர்மீதும் வழக்கு வரவில்லை. காரணம் 17ஆம் பிரிவில் இருக்கிறது: அரசோ அது குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தாலொழிய எந்த நீதிமன்றமும் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. இந்தச் சட்டம் தனிமனிதருக்கு வழக்காடும் உரிமை தரவில்லை என்று 1969இல் மான்டெய்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. படையை அனுப்பிய அரசே அந்தப் படைமீது புகார் தர வேண்டும்!

விடுதலைப் புலிகள் மருத்துவமனைக்குள்ளிருந்து சுட்டார்கள், இறந்தவர்கள் இடையில் சிக்கியவர்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். அது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். மருத்துவமனையைப் போருக்குப் பயன்படுத்தினால் பாதுகாப்பு போகும். ஆனால் முன்னெச்சரிக்கை தந்து, உரிய அவகாசமும் கொடுத்த பிறகே போகும். கட்டிலில் கிடக்கும் நோயாளி அப்போதும் இலக்கு ஆகமாட்டார். யாரும் புகார் தரலாம் என்றால் படையினர் பொய் வழக்குகளில் சிக்குவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. பொய்யைச் சலிப்பதற்குத்தானே நீதிபதியின் முதற்கட்ட விசாரணை இருக்கிறது?

மிக வலுவான மறுப்பு வேறு. இலங்கை அரசின் சம்மதத்தோடு சென்ற படை அது. இரு நாடுகளுக்கிடையிலான போர் அல்ல. ஆகவே 3ஆம் பிரிவே பொருந்தாது என்று வாதிடலாம். இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் பொருந்துமா, பொருந்தாதா என்று தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். 1990 மார்ச்சில் திரும்பிவந்த படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. எதிர்ப்பைக் காட்ட அவருக்கு அந்த வழி இருந்தது. ஆனால் 3ஆம் பிரிவு பொருந்துமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றப் படியேற, யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவரின் குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தில் எந்த வழியும் இருக்கவில்லை.