கருண் சந்தோக்கின் பகுரைன் பந்தயம் (2010)

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 2010 மார்ச்சில் பகுரைனில் இசுப்பானியா அணிக்காக முதல் பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்டார். நரேன் கார்த்திகேயனுக்குப் பின் இதில் ஓடிய இரண்டாவது இந்தியர் இவரே.

அணியின் புதிய கார் சோதனை ஓட்டம் எதையும் கண்டிருக்கவில்லை. மூன்று பயிற்சி ஓட்டங்களும் கருணின் காரைத் தயார் செய்வதிலேயே கழிந்தன. தகுதிச்சுற்றில்தான் அதை அவர் முதன்முதலாக ஓட்டினார். தடமும் எளிதன்று. வழக்கமான 5.412 கி.மீ. தடம் அவ்வாண்டு 6.299 கி.மீ. ஆக நீட்டப்பட்டிருந்தது, சேர்க்கப்பட்ட பகுதியில் மேடுபள்ளம் அதிகம். எங்கே பிரேக் பிடிப்பது, எந்த மேட்டில் கார் துள்ளும் என்பதெல்லாம் பலமுறை ஓட்டிப் பழக வேண்டியவை. அந்த வாய்ப்பே கிடைக்காதவரைக் குறை கூறுவது நியாயமன்று.

கருண், பந்தயத் தொடக்கத்திலேயே விபத்துக்குள்ளாகி வெளியேறினார். இரு வாரங்களுக்குப் பின் ஆத்திரேலியாவில் 14ஆவதாகப் பந்தயத்தை நிறைவுசெய்தார்.