செவ்வாய்வாசிகளும் புனேயின் பிளேக்கும்

எச்.ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ 1897 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ‘பியர்சன்ஸ் மேகசின்’ இதழில் தொடராக வந்தது. அவ்வாண்டு புனேயில் பிளேக். நோயாளிகளைத் தேடி, பிளேக் அதிகாரி ராண்டின் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்தனர். விக்டோரியாவின் வைரவிழா நடந்த ஜூன் 22 இரவில், சிஞ்ச்வட்டைச் சேர்ந்த சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டனர்.

டாஸ்மேனியப் பழங்குடிகளின் அழிவை வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறார். ஆகவே நாவலைப் பேரரசு குறித்த விமர்சனமாக வாசிப்பது வழக்கம், தவறன்று. ஆனால் மனிதக் குருதியை உறிஞ்சும் செவ்வாய்வாசிகளை இறுதியில் கொன்று இங்கிலாந்தைக் காப்பது கிருமி. புனேயிலோ, அந்நியப் படை வாசற்படியைத் தாண்டக் காட்டிய காரணமே கிருமிதான். அம்முடிவைச் சிஞ்ச்வட்டிலிருந்து வாசிப்பவர் லண்டன் வாசகரைப்போல் நிம்மதியடைய இயலாது. நாவல் நூலாக வந்த 1898இல், ஏப்ரல் 18 அன்று தாமோதர் ஹரி சாபேகர் தூக்கிலிடப்பட்டார்.