தேசியக் கோவிட் நினைவுச் சுவர், லண்டன்

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டி ஏறத்தாழ 500 மீட்டர் நீளும் சுவர். கொரோனாவுக்கு உறவுகளைப் பறிகொடுத்தோர் 2021 மார்ச் 29 அன்று இதில் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கினர். ஓர் உயிருக்கு ஓர் இதயம். அரசு ஆணையிட்டுக் கட்டியதல்ல என்பதே இதன் தனிப்பெருமை.

பிரிட்டனில் 2020 மார்ச் 23 அன்று முதல் பொதுமுடக்கம் வந்தது. ஏப்ரலில் பிரதமர் போரிஸ் ஜான்சனே இம்மருத்துவமனையில் தீவிர சிகிச்சை பெற்றார். முடக்கக் காலத்தில் விதியை மீறிக் கூடியதற்காக 2022 ஏப்ரலில் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டபோது, கடைசியாக முகம் பார்க்கவும் வழியின்றிப் போன குடும்பங்கள் மீண்டும் நொறுங்கின.

இதயங்களுக்குள் பெயர்களை முதலில் எழுதிய மார்க்கர் மை வெளிறிவிட்டது. தன்னார்வலர்கள் வாரந்தோறும் வந்து நிலைத்த பெயின்ட் பூசி, அழிந்த பெயர்களைத் திரும்ப எழுதுகிறார்கள்.