செவிக்கருவியும் துபாஷியும்



எங்கள் கருங்குழியில் அண்டை வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு நாள் மாலை என்னிடம் வந்தாள். அவள் தந்தையார் வருந்திச் சேர்த்த பணத்தில் அவளுக்குப் புதிய கைப்பேசி ஒன்று வாங்கித் தந்திருந்தார். அவளிடம் பல ஆண்டுகளாக உழைத்துவந்த கம்பி ஹெட்போன் ஒன்று உண்டு. புதிய கைப்பேசியிலோ அதைச் செருகுவதற்குத் துளையே இல்லை. பாட்டியும் தம்பியும் உறங்கும் அறையில்தான் அவள் இரவில் பாடம் கேட்க வேண்டும். "ஐயா, இது பழுதாகவில்லை, ஆயினும் இனிப் பயன்படாது என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டாள். இவ்வினாவுக்கு விடை கூறச் சற்றே பழைய வரலாற்றைப் புரட்ட வேண்டியிருந்தது.

1881 ஆம் ஆண்டில் சென்னையில் தொலைபேசி நிலையம் ஏற்பட்டது. அக்காலத்துத் தொலைபேசி நிலையங்களில், பேச விரும்பும் இருவரையும் ஒருவர் தம் கையாலேயே இணைத்து வைப்பார். எதிரே உள்ள பலகையில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். கம்பியின் நுனியில் உள்ள உலோக முளையை உரிய துளையில் செருகினால் குரல் செல்லும். அந்தத் துளைக்கே ஜாக் என்று பெயர். அதன் குறுக்களவு கால் அங்குலம். நம் ஹெட்போன் நுனியில் மின்னும் முளை, அந்தப் பழைய முளையின் வழித்தோன்றலே ஆகும்.

1910 ஆம் ஆண்டில் அமெரிக்கரான நதானியேல் பால்ட்வின், இரு காதுகளுக்கும் பொருந்தும் செவிக்கருவிகளைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். நம் நாட்டில் வானொலி பிறந்தபோதும் இக்கருவி துணை நின்றது. 1924 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. ஜூலை 31 ஆம் நாள் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. அக்காலத்தில் வழங்கிய படிகப் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். வானில் வரும் அலையின் ஆற்றல் ஒன்றே போதும். ஆனால் அந்த ஆற்றல் மிகச் சிறிது. ஆதலால் செவிக்கருவியைக் காதோடு அணைத்தே கேட்க வேண்டும். சங்கம் 1927 இல் பணமின்றி நின்றது. 1930 இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் ஒலித்தன. ஒருவர் காதுக்குள் இருந்த ஒலி, ஊரார் அனைவருக்கும் உரியதாயிற்று.

பின்னர் டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தன. பெட்டி சிறுத்தது, முளையும் 3.5 மில்லிமீட்டராகச் சிறுத்தது. 1979 இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்தபின் உலகெங்கும் அவ்வளவே வழக்காயிற்று. எந்த நாட்டில் செய்த கருவியானாலும், எந்த ஊரில் வாங்கிய ஹெட்போனும் அதில் பொருந்தும். இதன் அருமையை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஓர் அளவை எல்லோரும் ஏற்று நடந்ததால் ஏழை மாணவனுக்குக் கிடைத்த பெரும் நன்மை அது.

2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7 என்னும் கைப்பேசியை அத்துளை இல்லாமல் வெளியிட்டது. உள்ளே இடம் மிச்சமாகும், நீர் புகாமல் காப்பதும் எளிது என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. வேறு பல நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மின்னேற்றும் துளை ஒன்றே எஞ்சியது.

இங்கேதான் சிக்கல். ஹெட்போனுக்குத் தெரிந்தது ஏறியிறங்கும் மின்னோட்டம் ஒன்றே. மின்னேற்றும் துளை வழியே பெரும்பாலும் வருவதோ எண்களாக மாற்றப்பட்ட ஒலி. இருவருக்கும் மொழி வேறு. 1759 ஆம் ஆண்டு இறுதியில் எங்கள் கருங்குழிக் கோட்டையை ஆங்கிலேயர் பிரஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அக்காலத்தில் வெள்ளையரும் நம்மவரும் வணிகம் பேசத் துபாஷிகள் இன்றியமையாதவராக இருந்தனர். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அப்பணியில் புகழ்பெற்றவர். அத்தகைய துபாஷி ஒருவரே இங்கும் தேவை.

இதை அறியாமல் நானும் ஒரு பிழை செய்தேன். கடைத்தெருவில் மலிவான அடாப்டர் ஒன்றை வாங்கிவந்து அப்பெண்ணிடம் கொடுத்தேன். ஓசையே எழவில்லை, அவள் முகம் வாடிற்று. அந்த அடாப்டருக்குள் வெறும் கம்பிகளே இருந்தன. சில கைப்பேசிகள் தாமே மின்னோட்டமாக மாற்றிய ஒலியை அத்துளை வழியே அனுப்பும்; அவற்றுக்கு வெறும் கம்பி போதும். அவளுடைய கைப்பேசி அவ்வகையன்று. எண்ணை ஒலியாக மாற்றும் சிறு சில்லு உள்ளே அமைந்த அடாப்டரே அதற்கு வேண்டும். அந்தச் சில்லே துபாஷி. கேட்டுத் தெரிந்து மறுபடி வாங்கினோம். பழைய ஹெட்போன் உடனே பேசிற்று. கம்பியில்லாக் கருவியைப் போல அதற்கு நாள்தோறும் மின்னேற்றவும் வேண்டியதில்லை.

நண்பர்களே, புதுமையை நான் வெறுப்பவன் அல்லன். ஆயினும், புதியதோடு பொருந்தாத பழையதெல்லாம் பழுதானது என்று கொள்ளுதல் தவறு. நல்ல பொருளைக் குப்பையில் எறியுமுன், இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு துபாஷி உண்டா என்று கேளுங்கள். அக்கேள்விக்குச் செலவு இல்லை. அதைக் கேட்டதனால்தான், எங்கள் அண்டை வீட்டில் பாட்டியின் உறக்கமும் கலையாமல், பேத்தியின் பாடமும் தடைப்படாமல் நடந்துவருகிறது.