ரப்பர் டேமும் ஈறு விலக்கும் நூலும்

பல் சிகிச்சையில் ஈரத்தைத் தடுக்கவும் ஈற்றை ஒதுக்கவும் பயன்படும் இரு எளிய கருவிகள் ரப்பர் டேமும் ஈறு விலக்கும் நூலும். பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டுக்கு ஈரம் ஆகாது. ஒட்டும் பரப்பில் உமிழ்நீர் பட்டால் பிடிப்பு தளர்ந்துவிடும்.

1864-இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம், துளையிட்ட மெல்லிய ரப்பர் தாளைப் பல்லில் மாட்டி உமிழ்நீரை விலக்கினார்; இதுவே ரப்பர் டேம். வேர் சிகிச்சையில் இதன் அருமை இன்னும் அதிகம். உமிழ்நீரிலுள்ள கிருமிகள் வேர்க்குழாய்க்குள் புகுவதில்லை. ஊசி போன்ற ஃபைல் கைநழுவினாலும் தொண்டைக்குள் விழாது. இத்தனை பயன் இருந்தும், நேரம் பிடிக்கும் என்று மருத்துவர் பலர் இதைத் தவிர்ப்பது வருத்தத்துக்குரியது. லேடெக்ஸ் ஒவ்வாதவர்களுக்கு நைட்ரைல் தாளும் உண்டு.

பல்லுக்குக் கேப் போட அளவெடுக்கும்போது சிக்கல் வேறு: செதுக்கிய விளிம்பு ஈற்றுக்கடியில் மறைந்திருக்கும்.

அதை வெளிக்காட்ட, அலுமினியம் குளோரைடில் நனைத்த பருத்தி நூலை ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லச் செருகிச் சில நிமிடங்கள் விடுவார்கள். ஈறு விலகும், கசிவும் நிற்கும். முரட்டுத்தனமாகத் திணித்தால் ஈறு நிரந்தரமாகவே இறங்கிவிடலாம். எபிநெஃப்ரின் தோய்த்த நூல் இதய நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. உள்ளே உலர்ந்துபோன நூலை அப்படியே உருவினால் மறுபடி இரத்தம் கசியும் என்பதால், நனைத்த பிறகே எடுப்பார்கள்.