விசிறியை எந்தச் சுமைக்கு வடிவமைப்பது?

ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலம் தான் ஈனும் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தனக்குக் காற்று ஊட்டவே செலவிடுகிறது. பல கலங்களை அடுக்கிய 100 கிலோவாட் வாகன அடுக்கு ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கலத்துக்கு 0.65 வோல்ட், வேதிவினைக்குத் தேவையானதைப் போல் இருமடங்கு காற்று என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 110 கிராம் காற்று வேண்டும். அதை வளிமண்டல அழுத்தத்தின் இருமடங்குக்கு அமுக்க, 70 விழுக்காடு திறனுள்ள அமுக்கிக்கே 10 கிலோவாட் பிடிக்கும். டொயோட்டா 2014இல் மிராயில் ரூட்ஸ் வகை அமுக்கியையும், ஹோண்டா 2016இல் கிளாரிட்டியில் இருநிலை மையவிலக்கு அமுக்கியையும் பொருத்தின. வழிகள் வேறு, சிக்கல் ஒன்றே.

காற்றாலேயே குளிரும் சிறிய அடுக்குகளில் கதை வேறு. அங்கே ஒரே விசிறி ஆக்சிஜனையும் தருகிறது, வெப்பத்தையும் அகற்றுகிறது. 1 கிலோவாட் அடுக்கு ஏறக்குறைய 920 வாட் வெப்பத்தை வெளியிடும். காற்று 20 டிகிரி சூடேறலாம் என்றால் நொடிக்கு 46 கிராம் தேவை. வேதிவினை கேட்பதோ அரை கிராமுக்குச் சற்று மேல். 100 பாஸ்கல் தடையும் 40 விழுக்காடு திறனும் இருந்தால் விசிறிக்கு 10 வாட் போதும்.

இவ்வளவு சிறிய செலவுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? காரணம் வாட்டில் இல்லை, ஓட்டத்தின் இயல்பில் இருக்கிறது.

அடுக்கின் கால்வாய்கள் ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உடையவை. ரெனால்ட்ஸ் எண் சில நூறுகளைத் தாண்டுவது அரிது. வரிச்சீர் ஓட்டமாதலால் அழுத்த இழப்பு காற்றளவுக்கு நேர்விகிதத்தில் மாறும். விசிறி தரும் அழுத்தமோ சுழல்வேகத்தின் இருமடிக்கேற்பக் குறையும். சுமை பாதியாகிக் கல மின்னழுத்தம் 0.75 வோல்ட்டுக்கு ஏறினால், வெப்பம் முழுச்சுமையின் 36 விழுக்காடாகிறது. அதே அளவு காற்று போதும். தடையும் 36 விழுக்காடாகும். முழுச்சுமைக்கெனத் தேர்ந்த விசிறியின் உச்சத்திறன் புள்ளியோ அந்தக் காற்றளவில் 13 விழுக்காடு அழுத்தத்தையே தரும். ஆகவே வேகத்தைக் கூட்டியாக வேண்டும். காற்றளவுக்கேற்ப அழுத்தம் மாறுவதைக் காட்டும் விசிறி வளைவில் இயங்குபுள்ளி இடப்புறம், தகடுகளிலிருந்து காற்று பிரியும் பகுதியை நோக்கி நகர்கிறது. அச்சுவழி விசிறிகளில் அங்கேதான் வளைவு குழிகிறது. ஓட்டம் தடுமாறும், இரைச்சல் எழும், சில கலங்கள் சூடேறிச் சவ்வு உலரும்.

முழுச்சுமையில் உச்சத்திறன் என்ற வழக்கமான இலக்கு இதனாலேயே பொருந்தாது. அடுக்கு அதிக நேரம் எந்தச் சுமையில் ஓடுகிறதோ, அங்கே உச்சத்திறன் விழ வேண்டும்; முழுச்சுமைப் புள்ளி அதற்கு வலப்புறம் அமையட்டும். முழுச்சுமையில் 10 வாட் 13 ஆனாலும், கூடும் செலவு வெளியீட்டில் 0.3 விழுக்காடுதான். பின்னோக்கி வளைந்த தகடுள்ள மையவிலக்குச் சக்கரம் இதற்கு ஏற்றது. அதன் அழுத்தம் பெரும்பகுதியில் சீராக இறங்குவதால் கட்டுப்பாடு எளிது. இடம் கூடுதலாகக் கேட்கும் என்பது உண்மைதான்.

விசிறியை எங்கே வைப்பது என்பதும் இதோடு பிணைந்தது. அடுக்கின் பின்னால் வைத்து உறிஞ்சினால் காற்று சீராகப் பரவும். ஆனால் தாங்கிகளும் மோட்டாரும் சூடான, ஈரமான காற்றில் இயங்க நேரும். அடர்த்தி குறைந்த அந்தக் காற்றை அதிகக் கனஅளவில் இழுக்கவும் வேண்டும். எனவே விசிறியை வாங்குவோர் உச்சத்திறன் எண்ணோடு நிற்காமல், மூன்று வேகங்களில் எடுத்த வளைவுகளைக் கேட்டு வாங்கி, காற்றுவழியிலுள்ள வடிப்பான் புதிதாக இருக்கும்போதும் தூசடைந்தபோதும் தங்கள் அடுக்கின் தடைக்கோட்டை அவற்றின்மேல் வரைந்து பார்க்க வேண்டும்.